வருஷத்துக்கு நாலு விரல் நடக்கும் பூ

“தெக்க போங்க சித்தப்பா. இன்னும். இன்னும் ஒரு எட்டு.”

ஆரோக்கியம் நடுச்சிலுவை மேடை மேல் நின்றுகொண்டிருந்தான். ஒரு கண்ணை மூடியிருந்தான். கையில் ஒரு பழைய போட்டோ. அதை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, போட்டோவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தான்.

நான் கல்லறைத் தோட்டத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தேன்.

“இப்ப?”

“கொஞ்சம் மேக்க.”

“மேக்க முள்ளு கெடக்குடா.”

“முள்ளு மேலயே நில்லுங்க.”

இது போன வருஷம் ஐப்பசியில். காலை ஒன்பது மணி இருக்கும். ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் என் பொண்டாட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவள் எங்கேயும் போய்விடவில்லை. பெயர் சூசையம்மா. செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதைத்த இடத்தில்தான் இருக்கிறாள். அது எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுகிற இதை முன் வாரங்களில் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். சவரிமுத்து. வேலி அடைக்கிறவன். ஆவூருக்குக் கிழக்கே, கோயில் மணி காற்று வாக்கில் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். இருபது வீடு, ஒரு சின்னக் கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

பொண்டாட்டியைப் புதைத்த இடம் ஒருத்தனுக்கு எப்படி மறக்கும் என்று கேட்பீர்கள். நான் மறக்கவில்லை. அடையாளம் வைத்திருந்தேன். அந்த அடையாளம்தான் என்னை ஏமாற்றியது. அது ஒரு பூ.

பூ இருக்கும் இடம்

கண்வலிப் பூ என்று எங்கள் பக்கம் சொல்வோம். கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். படித்தவர்கள் செங்காந்தள் என்கிறார்கள். ஒரு தடவை காலேஜிலிருந்து வந்த ஒரு சார், இதுதான் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் பூ என்று சொன்னார். அப்படியா, அரசாங்கம் வந்து தண்ணி ஊத்துமா என்று கேட்டேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் விஷயம். ஆடியில் ஒரு தூறல் போட்டால் போதும், மண்ணைக் கிழித்துக்கொண்டு முளை வரும். தானாக நிற்கத் தெரியாது. இலையின் நுனி சுருண்டு, கைக்குழந்தையின் விரல் மாதிரி, எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அதனால் அது வேலியில்தான் இருக்கும். கிளுவை வேலி, கள்ளி வேலி, கண்மாய்க் கரையில் கிடக்கிற முள். நான் வேலிக்காரன். அது என் கூடவே வளர்ந்தது என்று வையுங்கள்.

பூக்கும்போது தலைகீழாகத் தொங்கும். இதழ் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். முதல்நாள் பச்சையும் மஞ்சளும். இரண்டு மூன்று நாளில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. கடைசியில் முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவிலிருந்து ஒரு நரம்பு மட்டும் மற்றதோடு சேராமல், பிடிக்காத வீட்டுக்கு வந்தவன் மாதிரி, மடங்கிப் பக்கவாட்டில் போகும்.

அதை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண்வலியும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை.

குன்றாண்டார்கோவில் போகிற வழியில், பாறை முடிந்து செம்பராங்கல் தரை தொடங்குகிற இடத்தில், முன்பு ஒரு நீளமான கள்ளி வேலி இருந்தது. ஐப்பசியில் அந்த வேலி எரிகிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இப்போது அங்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கம்பி வேலி நல்ல வேலிதான். ஆடு நுழையாது. பூவும் நுழையாது. அதற்கு அங்கிட்டு தைல மரம். தைல மரத்தடியில் தைல மரத்து இலையைத் தவிர வேறொன்றும் இருக்காது.

மிச்சம் இருந்த கிழங்கையும் வியாபாரிகள் ஆள் வைத்துத் தோண்டிக்கொண்டு போனார்கள். மருந்துக்காம். வயசுக் காலத்தில் நானும் தோண்டியிருக்கிறேன். திருக்கோகர்ணத்தில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன். கிழங்கு பார்க்க ஏர்க்கலப்பை மாதிரி, இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு இருக்கும். வாயில் வைத்தால் ஆள் காலி. வைத்தியர் அதை எப்படியோ சுத்தி பண்ணி மருந்தாக்கிவிடுவார்.

முதல் தடவை நான் வெறுங்கையோடு போனேன். போன வருஷம் செடி நின்ற இடத்தை ஆழமாகத் தோண்டியும் கிழங்கு இல்லை என்றேன்.

“அது எப்புடிடா அங்கயே இருக்கும்?” என்றார் வைத்தியர். “பழைய கெழங்கு வருசா வருசம் செத்துப்போகும். அது நீட்டுன கை நுனியிலதான் புதுசு வைக்கும். வருசத்துக்கு நாலு வெரலாச்சும் நடந்துரும். பக்கத்துல தோண்டு.”

பக்கத்தில் தோண்டினேன். இருந்தது.

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கோழியோடு பேசியது

ஆரோக்கியத்தின் அம்மா பெயர் லூர்தம்மா. என் பங்காளி பொண்டாட்டி. எனக்கு மதினி முறை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவருக்கு இங்கிட்டு என் சூசையம்மா, அங்கிட்டு மதினி. இரண்டு பேரும் பதினெட்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு கல்யாணப் பந்தி. மதினி பரிமாறிக்கொண்டு வந்தார். முன்னால் இருந்த இலைக்கெல்லாம் கறி வைத்தார். சூசையம்மா இலைக்கு வெறும் குழம்பு மட்டும் ஊற்றினார். வேண்டுமென்று செய்தாரா, வாளியில் கறி தீர்ந்துபோச்சா என்பது கடைசி வரை தெரியவில்லை. அடுத்த இலைக்குக் கறி விழுந்ததை சூசையம்மா கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கும் வெறும் குழம்புதான். அதைச் சொன்னால் நான் மதினி கட்சி என்று ஆகிவிடும். அதனால் கறி விழுந்தது என்றே சொல்லிவிட்டேன்.

பேசவில்லை என்றால் பேசவே இல்லை என்று அர்த்தமில்லை. மதினி தன் கோழியோடு பேசுவார்.

“ஏ செவலக் கோழி! மானங்கெட்டுப் போயி அடுத்த வாசல்ல மேயுறியே. அங்க குப்பை கூட்டி எத்தன நாளாச்சோ, புழு நெறையக் கெடைக்குதோ?”

சூசையம்மா எங்கள் வெள்ளாட்டோடு பேசுவாள்.

“கேட்டியா வெள்ளச்சி? கறியத் திருடுற கையிதான் கூட்டுமாறப் பத்திப் பேசுது. நீ கம்முனு தழையத் தின்னு.”

ஆடு தின்னும். பதினெட்டு வருஷத்தில் இரண்டு பக்கமும் எத்தனையோ ஆடு கோழி மாறிவிட்டது. எல்லாவற்றுக்கும் விஷயம் தெரியும்.

சூசையம்மா ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவளை எடுத்த அன்றைக்கு மதினி சுவருக்கு அங்கிட்டே நின்றார். வரவில்லை. ஆனால் சோறு ஆக்கவும் இல்லை. அவர்கள் வீட்டு அடுப்பு இரண்டு நாள் புகையவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மாசியில் மதினியும் போய்விட்டார். ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தவர் சாய்ந்துவிட்டார். சண்டை போட ஆள் இல்லாமல்தான் போனார் என்று ஊரில் சொன்னார்கள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் செத்த வரிசைப்படிதான் இடம். நடுவில் வேறு யாரும் சாகவில்லை. ஆகவே சூசையம்மாவுக்கு அடுத்த குழி மதினிக்கு. கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் என்னிடம் வந்து, “சவரிமுத்து, பக்கத்துலயே வருது. பரவாயில்லையா?” என்று கேட்டார். சுவரில்லாமல் இரண்டு பேரையும் போடுகிறோமே என்றுதான் எனக்கும் இருந்தது. வேறு என்ன செய்வது?

எனக்குப் படிக்கத் தெரிந்தது

இரண்டு பேருக்கும் மரச் சிலுவைதான் நட்டோம். தாரில் பெயர் எழுதியது. சித்திரைக்குள் சூசையம்மா சிலுவையின் அடியில் கரையான் ஏறிவிட்டது.

சிமெண்டில் ஒரு சிலுவை போடு, பெயரைப் பொறித்து வை என்று நாலு பேர் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். சிமெண்டில் எழுதினாலும் கல்லில் எழுதினாலும் எனக்கு எல்லாம் ஒரே கீறல்தான். ஒவ்வொரு வருஷமும் இன்னொருத்தனைக் கூப்பிட்டு, இது என் பொண்டாட்டியா பார்த்துச் சொல்லு என்று கேட்க முடியுமா?

அதனால் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒன்றை நட்டேன். குன்றாண்டார்கோவில் வேலியில் கடைசியாகக் கிடந்த ஒரு கண்வலிக் கிழங்கைத் தோண்டி வந்து, அவள் தலைமாட்டில், சிலுவைக்கு ஒட்டிப் புதைத்தேன். ஆடு கடிக்காது. கரையான் அரிக்காது. வீட்டில் வைக்கவும் யாரும் பிடுங்க மாட்டார்கள், கண்வலிக்குப் பயந்து. இதைவிடக் கெட்டியான அடையாளம் எனக்குத் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாளும் ஐப்பசியில்தான் வரும். அதுவும் அப்போதுதான் பூக்கும். ஆள் வைத்துச் சொன்ன மாதிரி.

இரண்டு மழைக்காலத்தில் மண்மேடு கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. சிலுவை இரண்டும் விழுந்தது. பூ மட்டும் வந்தது. திருநாளுக்கு முன்னால் இளைஞர்கள் மிஷினை வைத்துப் புல் அறுப்பார்கள். “இது தாத்தா செடி, சுத்தி வெட்டு” என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு செடியைத்தான் அரசாங்கத்துப் பூவாக நாங்கள் காப்பாற்றினோம்.

ஆறு திரியும் ஒரு திரியும்

வருஷா வருஷம் திருநாள் சாயங்காலம் ஆறு மெழுகுதிரி, சாமந்திப் பூ, ஒரு கவுளி வெற்றிலை. சூசையம்மாவுக்கு வெற்றிலை என்றால் உயிர். செடிக்குத் தென்பக்கம், வாசலிலிருந்து வருகிற வழியில், தரையில் உட்கார்ந்துகொள்வேன். திரியை ஏற்றிவிட்டு அந்த வருஷத்து விஷயத்தையெல்லாம் சொல்வேன். மகள் திருச்சியில் வீடு கட்டியது, எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, யார் செத்தது, யார் சாகப் போகிறது.

ஆரோக்கியம் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அம்மா சாவுக்கு அவனால் வர முடியவில்லை. லீவு எப்போதும் ஐப்பசியில் வராது. திருநாளன்றைக்கு ஃபோன் பண்ணுவான்.

“சித்தப்பா, எங்கம்மாவுக்கும் ஒரு திரி ஏத்திருங்க.”

“ஏத்துறேன்டா.”

ஏற்றினேன். பொய் சொல்லவில்லை. செடிக்கு வடக்கே ஒரு ஆள் அகலம் தள்ளி, ஒரே ஒரு திரி. சில வருஷம் அது முந்தின வருஷத்து மிச்சம்.

இந்த ஏற்பாடு இப்படியே போயிருக்கும். போன வருஷம் ஆவணியில் பூசை முடிந்து உபதேசியார் ஒரு அறிவிப்புச் செய்தார்.

“கல்லறைத் தோட்டத்துல எடம் பத்தல. இந்தத் திருநாளுக்குள்ள எல்லாரும் பேர்க்கல் வச்சிருங்க. கல்லு இல்லாத எடத்த வர்ற வருசத்துலேருந்து புது அடக்கத்துக்கு எடுத்துக்குவோம். புருசன் பொண்டாட்டி ஒரே குழிதான் வேணும்னாலும் கல்லு இருந்தாத்தான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஊரில் வயசில் நான் இரண்டாவது. முதலாவது ஆளுக்குக் காது கேட்காது.

எனக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது. என்னை அவளோடு போட வேண்டும். அதை மகளிடம், உபதேசியாரிடம், குழி வெட்டுகிறவனிடம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சரி, பூ இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கல்லை வைத்தால் முடிந்தது என்று இருந்தேன்.

போட்டோ சொன்னது

ஆரோக்கியம் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு புரட்டாசியில் ஊருக்கே வந்துவிட்டான். ஐம்பது தாண்டிவிட்டது, முடியெல்லாம் வெள்ளை. வந்ததும் அம்மாவுக்குக் கருங்கல்லில் பேர்க்கல் சொன்னான். என்னையும் கூட்டிக்கொண்டு டேப்போடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான்.

“ஒங்க செடிக்கு வடக்கதான எங்கம்மா?”

“ஆமா.”

அளந்தான். எழுதிக்கொண்டான். போய்விட்டான்.

அடுத்தநாள் காலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சித்தப்பா, போட்டோ வேற சொல்லுது.”

“எந்தப் போட்டோ?”

அவன் அம்மா அடக்கத்தின்போது யாரோ எடுத்து அவனுக்கு அனுப்பியது. பிளாஸ்டிக் உறை போட்டு, சிங்கப்பூரில் அத்தனை வருஷமும் பெட்டியில் வைத்திருந்தானாம். நடுச்சிலுவை மேடையிலிருந்து எடுத்தது. புதுக்குழி தெரிந்தது. நான் குடை பிடித்து நின்றேன். முகம் சரியாக இல்லை, ஆனால் குடை என்னுடையது. குழிக்குத் தென்பக்கம் சூசையம்மாவின் சிலுவை, நாலு மாதச் சிலுவை, நேராக நின்றது. அதற்குப் பின்னால் தூண் வைத்துக் கட்டின மதில்.

“சித்தி சிலுவ மூணாவது தூணுக்கு நேரா இருக்கு பாருங்க. ஒங்க செடி இப்ப அந்தத் தூணுக்கு நேரா இல்ல. வடக்க கெடக்கு.”

“போட்டோவுக்கு என்னடா தெரியும்? வருசா வருசம் போறவன் நானா, போட்டோவா?”

“தூணு நகராது சித்தப்பா.”

“செடி மட்டும் நகருமா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். திருக்கோகர்ணத்து வைத்தியர் செத்து நாற்பது வருஷம் இருக்கும். அவர் குரல் எனக்கு நல்லாக் கேட்டது.

சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அப்படித்தான் அவன் மேடையிலும் நான் முள்ளிலுமாக நின்றோம். செடியிலிருந்து என்னைத் தெற்கே தெற்கே தள்ளிக்கொண்டு போனான். ஒரு இடத்தில், “நில்லுங்க. அசையாதீங்க” என்றான்.

நின்றேன். கீழே பார்த்தேன். வெறும் புல்.

அது வெறும் புல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நான் உட்கார்ந்த இடம். வரிசைக்கு வெளியே, சும்மா கிடக்கிற தரை என்று நினைத்து உட்கார்ந்த இடம். அவள் மேல் உட்கார்ந்துகொண்டு, மதினியைப் பார்த்து, ஆறு திரி ஏற்றியிருக்கிறேன்.

காலை எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

“என்னாச்சு சித்தப்பா? முள்ளா?”

“ஆமா” என்றேன்.

கிழங்கைப் பார்த்தது

எதற்கும் சந்தேகம் வேண்டாம் என்று செடியடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினேன். ஈரமண், பாதகமில்லை. கலப்பை மாதிரியே ஒரு கிழங்கு. அதன் தென்கை சுருங்கி, தொட்டால் பொடியாகிற தோலாகக் கிடந்தது. அது பழசு. வடகை கொழுத்து, நுனியில் அடுத்த வருஷத்து மூக்கு வைத்திருந்தது. அடுத்தாற்போல் சந்தியாகு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தது.

சந்தியாகு யாரென்று சொல்லவில்லை. மதினிக்கு வடக்கே கிடக்கிறவன். டிராக்டர் டிரைவர். உயிரோடு இருந்தபோது வாங்கிய தீப்பெட்டியைக்கூடத் திருப்பித் தரமாட்டான். ஆரோக்கியம் ஃபோன் பண்ணிச் சொன்ன திரியையெல்லாம் வாங்கிக்கொண்டு படுத்திருந்தவன் அவன்தான்.

மண்ணை மூடினேன். ஆரோக்கியம் மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அப்ப இத்தன வருசமா இங்க ஏத்துனது…”

“ஒங்கம்மாவுக்கு.”

“ஆறும்?”

“ஆறும்.”

“வெத்தல?”

“அதுவும்.”

“எங்கம்மாவுக்கு வெத்தல வாடையே ஆகாதே சித்தப்பா. கொமட்டும்.”

“தெரியும்டா. அதான் ஒங்க சித்தி சொவத்துமேல துப்புவா.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அடுத்ததை நானாகவே சொல்லிவிட்டேன். இதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. வயசானால் நாக்கு தானாக நடக்கிறது.

“இங்க ஒக்காந்து நான் பேசுவேன்டா. அவ கேக்கறான்னு நெனச்சுத்தான். ஒங்கம்மாவப் பத்தியும் பேசிருக்கேன்.”

“என்ன பேசுனீங்க?”

“நல்லதா ஒண்ணும் இல்ல.”

“சொல்லுங்க.”

“‘ஒன் எதிராளி பக்கத்துலதான் படுத்திருக்கா, பெரண்டு பாத்துக்க. ஒரு திரிதான் ஏத்திருக்கேன், அதுவும் மகன் கெஞ்சுனானேன்னு.’ இப்புடி.”

“வருசா வருசமா?”

“ஒரு நாலஞ்சு வருசம் மறந்திருப்பேன்.”

ஆரோக்கியம் புல்லில் மல்லாந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புல் அறுக்க வந்த பையன்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். எங்கம்மா பதில் சொல்ல முடியாமக் கெடந்திருக்கே, எங்கம்மா பதில் சொல்ல முடியாமக் கெடந்திருக்கே என்று அதையே சொல்லிச் சிரித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பூவையே பார்த்தான்.

“நான் ஒரு தடவகூட ஏத்துனதில்ல சித்தப்பா. அங்க கெடந்து அதத்தான் நெனப்பேன். எல்லா கல்லறையிலயும் வெளிச்சமா இருக்கும், எங்கம்மா மட்டும் ஒத்தத் திரியோட கெடக்கும்னு.”

நான் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

“ஆறு திரி” என்றான். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். “கண்வலிப் பூவ ரொம்ப நேரம் பாத்துட்டேன் போல.”

“பாக்காதன்னுதான சொல்றது” என்றேன்.

கல் வைத்தது

அவன் தன் அம்மாவுக்குக் குழி முழுக்க மூடுகிற மாதிரி பலகைக் கல் சொல்லியிருந்தான். அதை மாற்றித் தலைமாட்டில் மட்டும் நட்டு வைக்கிற கல்லாகச் சொன்னான். மேலே கல்லைப் பாவினால் கிழங்கு செத்துவிடும்.

“தையில காஞ்சப்பறம் தோண்டி சித்தி மேல மாத்தி வச்சிரலாமா?” என்று கேட்டான்.

“வேணாம். அது எங்க வச்சாலும் நிக்காது. அது போற வழியில போகட்டும்” என்றேன். சந்தியாகுவும் ஒரு பூவைப் பார்க்கட்டும்.

சூசையம்மாவுக்கு மூன்றாவது தூணுக்கு நேரே கல் வைத்தோம். போட்டோவைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியம் மேடையில் நின்று மூன்று தடவை சரிபார்த்தான். கல்லில் அவள் பெயர் மேலே இருக்கிறதாம். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். கல் பொறிக்கிறவர் எதற்கு என்று கேட்கவில்லை. என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

திருநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஃபாதர் வந்து எல்லாக் கல்லறையையும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு போனார். ஆரோக்கியம் தன் அம்மாவுக்குத் திரி ஏற்றினான். எத்தனை என்று நான் எண்ணவில்லை, அந்தப் பக்கம் ஒரே வெளிச்சம். நடுவில் பூ எட்டுப் பத்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே போய் நின்று, “மதினி, பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க” என்று சொன்னேன். உயிரோடு இருக்கும்போது அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

பிறகு இங்கிட்டு வந்தேன். உட்காரும்போது எங்கே உட்காருகிறோம் என்று பார்த்துத் தள்ளி உட்கார்ந்தேன். ஆறு திரி. சாமந்தி. வெற்றிலை.

“நான்தான்” என்றேன். “எடம் மாறிப்போச்சு.”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இருபது வருஷத்துக் கதை சொல்ல வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? மகள் வீடு கட்டினதே அவளுக்குத் தெரியாது. எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது தெரியாது. ஒரு திரியும் ஏற்றாமல் இந்த ஆள் எங்கே தொலைந்தான் என்றுதான் நினைத்திருப்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் திட்டமாட்டாள். என்னிடம் பேசாமல் இருப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

ஜனங்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். ஆரோக்கியம் வந்து, “போவமா சித்தப்பா?” என்றான். நீ போடா, வாரேன் என்றேன். ஆறு திரியும் எரிந்து முடிகிற வரைக்கும் இருந்தேன்.

அப்புறம் கல்லைப் பிடித்து எழுந்து, அதை இரண்டு தட்டுத் தட்டினேன்.

“சரி, விடு. நேர்ல வந்து பேசிக்கிறேன்.”